ஓர்வொக்கிக்கு, வண்டியோடு

வீடு எனக்கு, வண்டி உனக்கு என்று
குவோபியோவில் கையெழுத்துப் போட்டாயிற்று.
வீட்டைப் பற்றி நீ ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைக்கவில்லை.
வைத்திருந்தால் நேற்று
சலவை இயந்திரத்தின் முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.
அது போகட்டும்.
வண்டியைப் பற்றி நான் எழுதுகிறேன்,
பதினாறு கோடை அதன் வயிற்றுக்குக் கீழே
மல்லாந்து கிடந்தவன்.

முதலில் உயரம்: மூன்று மீட்டர், எட்டு சென்டிமீட்டர்.
ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
மூன்று மட்டும்தான் மனதில் நிற்கும்.
மிச்ச எட்டை
வாசாவில் ஒரு பெட்ரோல் பங்க் கூரை கேட்டு வாங்கியது.
நீ சிரித்தாய்.
நானும் சிரித்திருக்கலாம்,
பில் வருவதற்கு முன்பாவது.

டயரில் வரி தேயவே இல்லை என்று யாராவது சொன்னால்
நம்பாதே.
பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்,
முன்னிரண்டு வாரம், பின்னிரண்டு வருடம்.
சும்மா நிற்பதற்கும் வயது ஏறும்.
இவற்றுக்கு ஒன்பது முடிகிறது, வசந்தத்தில் மாற்று.
மாற்றி ஐம்பது கிலோமீட்டர் போனதும்
ஓரங்கட்டி, நட்டுகளை மறுபடி முறுக்கு.
மெக்கானிக் எவ்வளவு சத்தியம் செய்தாலும் முறுக்கு.

கூரையில் பிளவு ஓரிடம், ஈரம் வேறிடம்.
பனி உருகியதும் ஏணி வைத்து ஏறி
மூட்டுகளின் பசையைப் பார்.
பிறகு உள்ளே வந்து
கட்டிலுக்கு மேல் அலமாரியின் மூலையை
கட்டைவிரலால் அழுத்து.
பலகை ரொட்டி மாதிரி அமுங்கினால்
தாமதித்துவிட்டோம் என்று பொருள்.

ஃபிரிட்ஜ் சமதளம் இல்லாமல் குளிராது.
காபிக் கோப்பையை மேசையில் வை,
விளிம்பு எந்தப் பக்கம் மெலிகிறதோ
அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மஞ்சள் கட்டை.
எரிவாயு புரொப்பேன் மட்டும்.
மற்றது பூஜ்யத்துக்குக் கீழே
சிலிண்டரிலேயே தூங்கிவிடும்.

அக்டோபரில், முதல் உறைபனிக்கு முன்,
தொட்டி, குழாய், கொதிகலன் எல்லாவற்றையும் வடித்துவிடு.
குழாய்ப் பிடிகளைத் திறந்து, நடுவில் நிறுத்து,
வெந்நீர்ப் பாதையும் காலியாகும்.
மெத்தைகளை நிமிர்த்தி வை.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டைச் செருகு, மூடினால் பூசணம்.
நீ மறந்துபோனாலும்
குளிர் மூன்று பாகையைத் தொட்டதும்
சோபாவுக்கடியில் இருக்கும் வால்வு தானாகத் திறந்து
கொதிகலன் தண்ணீரைத் தரையில் கொட்டிவிடும்.
ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படாதே.
உடையாமல் இருக்கத்தான் கொட்டுகிறது.

துடைக்கும்போது பயணக் குறிப்பேடு கிடைத்தது.
நான் எழுதியவை மூன்று பத்திகள்:
கிலோமீட்டர், லிட்டர், விலை.
ஓரத்தில் பென்சிலில் நீயும் எழுதியிருக்கிறாய்.
எனக்குத் தெரியாது.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கத்தான்
அந்தப் பக்கங்களைத் திறப்பேன்.
"இனாரி. கொசு. ராத்திரியே வரவில்லை, நல்லவேளை."
"கெமி. பெர்ச் மீன் நாலு."
"செவெத்தியார்வி. கலைமான்கள் சாலையை விடவில்லை.
தாயிஸ்தோ இன்று முழுக்கப் பேசவில்லை."
அன்று நான் வலது பின்சக்கரத்தில் வந்த
ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஓர்வொக்கி.
பேரிங். மாற்றிவிட்டேன்.
உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

குறிப்பேடு கையுறைப் பெட்டியில் இருக்கிறது.
ஓரம் உனக்கு. பத்திகளையும் நிரப்பு,
டீசல் திடீரென்று அதிகம் குடித்தால்
எண்கள்தான் முதலில் சொல்லும்.

கடைசியாக பேட்டரி.
குளிர்காலத்தில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்
மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்று.
கறுப்புக் கம்பியை முதலில் கழற்று,
மாட்டும்போது அதைக் கடைசியில்.
எடை இருபத்துமூன்று கிலோ.
உன் புது ஃப்ளாட் மூன்றாவது மாடி என்றார்கள்.
லிஃப்ட் இருக்கிறதா?